பழைய கணினியில் இழைகளைப் பூட்டுவது ஏன் கடினம்?

விண்டோஸ் 95 இயங்குதளத்துக்கு நிரல் எழுதியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஆவணங்களில் விசித்திரமான எச்சரிக்கை ஒன்று இருந்தது. ஒரு நிரலுக்குள் ஒரே சமயத்தில் தனித்தனியே ஓடும் வேலைகளை நிரலாளர்கள் த்ரெட், அதாவது இழை, என்று அழைப்பார்கள். இப்படிப் பல இழைகள் சேர்ந்து பயன்படுத்தும் ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டுவதற்கு ‘இன்டர்லாக்டு இன்க்ரிமென்ட்’ என்ற செயற்கூறு உண்டு. அது கூட்டலைப் பிழையின்றிச் செய்துவிடும். ஆனால் திருப்பித் தரும் விடையை அப்படியே நம்பக் கூடாது, அது சுழியா, நேர் எண்ணா, எதிர் எண்ணா என்பதை மட்டும் நம்பலாம் என்றது அந்த எச்சரிக்கை. விண்டோஸ் என்டி 3.51-க்கும் இதே நிலைதான். ஒன்றைக் கூட்டத் தெரிந்த கணினிக்கு, கூட்டி வந்த விடையைச் சொல்லத் தெரியவில்லை என்பது முதலில் படிப்பவருக்கு வேடிக்கையாகவே தோன்றும்.

காரணம் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு செயலி. இன்டெலின் 386 செயலி 1985-இல் வந்தது; விண்டோஸ் 95 அதிலும் ஓட வேண்டும் என்பது அன்றைய முடிவு. நினைவகத்தில் உள்ள எண்ணை யாரும் இடையில் புகாதபடி ஒன்று கூட்டும் கட்டளை 386-இல் உண்டு. ஆனால் கூட்டிய பிறகு விடையைக் கையோடு கொண்டுவரும் கட்டளை அதில் இல்லை. விடை வேண்டுமென்றால் மறுபடியும் நினைவகத்தைப் படிக்க வேண்டும். அதற்குள் இன்னோர் இழை வந்து அந்த எண்ணை மாற்றியிருக்கலாம். கூட்டல் நடந்த அதே கணத்தில் செயலிக்குள் பதிவாகும் சிறு கொடிகள் மட்டும் அந்த இழைக்கே உரியவை. விடை சுழியா, எதிர்மமா என்பதைத்தான் அந்தக் கொடிகள் காட்டும். அதைத் தாண்டி வேறெதையும் உறுதியாகச் சொல்ல வழியில்லாததால், மைக்ரோசாஃப்ட் அவ்வளவை மட்டும் வாக்குறுதியாகத் தந்தது. ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை வைத்து, அது சுழியைத் தொட்டதும் பொருளை அழிக்கும் வேலைக்கு அந்த அளவே போதுமானதாக இருந்தது. குறையை மறைக்காமல், குறைக்குள் எது சாத்தியமோ அதை மட்டும் எழுதி வைத்த அந்த நேர்மை எனக்குப் பிடித்தமானது.

பழைய செயலியையும் பழைய இயங்குதளத்தையும் விடாமல் தாங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் எந்த மென்பொருளும், பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே தொடும்படி காக்கும் இழைப் பூட்டு என்ற இடத்துக்கு வரும்போது மற்ற இடங்களில் காணாத ஒரு தடையைச் சந்திக்கிறது. திரையில் படம் வரையும் புதிய வசதி ஒன்று பழைய கணினியில் இல்லையென்றால், அந்த இடத்தில் மட்டும் மெதுவான பழைய வழியைக் கையாளலாம். மற்றப் பகுதிகளுக்கு அது தெரியவே வேண்டாம். பூட்டு அப்படிப்பட்டதன்று. அது பலருக்கு இடையிலான ஒப்பந்தம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் டோக்கன் கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் ரயிலை எடுக்கக் கூடாது என்ற விதியை எண்ணிப் பாருங்கள். பாதையின் ஒரு முனையில் டோக்கன் முறையும் மறுமுனையில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் முறையும் நடந்தால், இரண்டும் தனித்தனியே குறையற்ற முறைகளாக இருந்தாலும் ரயில்கள் மோதும்.

பூட்டுக்குச் செயலியிடமிருந்து என்ன தேவை என்பதை முதலில் பார்க்கலாம். ஓர் இழை நினைவகத்தில் உள்ள ஒரு கட்டத்தைப் படித்து, அது காலியாக இருந்தால் ‘எடுத்துக்கொண்டேன்’ என்று எழுத வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே வேறோர் இழை நுழைந்து அதே கட்டத்தைக் காலி என்று படித்துவிட்டால், இரண்டும் உள்ளே போய்விடும். இதைச் செயலியின் சிறப்பு உதவி ஏதுமின்றி, சாதாரணப் படிப்பு எழுத்து கொண்டே தீர்க்கலாம் என்று நெதர்லாந்துக் கணிதவியலர் டெக்கர் காட்டினார். கணினியியலர் டைக்ஸ்ட்ரா 1965-இல் அதைப் பல செயல்முறைகளுக்கு விரித்தார். இன்னொரு கணினியியலரான பீட்டர்சன் 1981-இல் வியக்கத்தக்க அளவு சுருக்கமான வடிவம் ஒன்றைத் தந்தார். ஆனால் இந்த வழிகள் எல்லாம், எழுதியது எழுதிய வரிசையிலேயே மற்றவர் கண்ணுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. பின்னால் வந்த செயலிகள் வேகத்துக்காக எழுத்துகளைத் தற்காலிகச் சேமிப்பில் நிறுத்தி வைத்து, அவற்றுக்குப் பின் வர வேண்டிய படிப்புகளை முன்னே விடுகின்றன. அதனால் பீட்டர்சனின் வழி, நடுவே தடுப்புக் கட்டளை வைக்காவிட்டால், இன்றைய இன்டெல் செயலியில் தோற்கும். பழைய ஒற்றைச் செயலிக் கணினியில் அதே நிரல் சரியாக ஓடும்.

ஆகவே செயலியே ஒரு பிரிக்க முடியாத கட்டளையைத் தர வேண்டியிருந்தது. 1978-இல் வந்த 8086-இலேயே லாக் என்ற முன்னொட்டும், ஒரு மதிப்பைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டளையும் இருந்தன. எளிய பூட்டுக்கு இவை போதும்: கட்டத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, அங்கிருந்து என்ன வந்தது என்று பார்க்கிறோம், சுழி வந்தால் பூட்டு நம்முடையது, ஒன்று வந்தால் வேறொருவர் உள்ளே இருக்கிறார். ஆனால் காத்திருப்போர் எத்தனை பேர் என்பதையும் அதே கட்டத்தில் குறித்துக்கொள்ளும் நவீனப் பூட்டுக்கு, ‘இந்த இடத்தில் நான் நினைக்கும் மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று’ என்ற கட்டளை தேவை. அந்த ஒப்பிட்டு மாற்றும் கட்டளையும், கூட்டி விடையைக் கொண்டுவரும் கட்டளையும் 1989-இன் 486-இல்தான் வந்தன. விண்டோஸ் 95-இல் ஒப்பிட்டு மாற்றும் செயற்கூறு இல்லாமல் போனதும், 486-ஐக் குறைந்தபட்சமாகக் கேட்ட விண்டோஸ் 98-இலும் விண்டோஸ் என்டி 4-இலும் அது தோன்றியதும் இந்த வரிசையில் தற்செயல் இல்லை.

1993-இல் பென்டியம், எட்டு பைட்டுகளை ஒரே வீச்சில் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைக் கொண்டுவந்தது. அதனோடு ஒரு வழுவும் வந்தது. அந்தக் கட்டளைக்கு நினைவக முகவரிக்குப் பதிலாகச் செயலியின் உள்பதிவகத்தைக் கொடுத்து, லாக் முன்னொட்டையும் சேர்த்தால், ‘இது தவறான கட்டளை’ என்று அறிவிக்க வேண்டிய செயலி, பூட்டிய நினைவகப் பாதையை விடுவிக்காமல் அப்படியே உறைந்துபோனது. எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத சாதாரணப் பயனர் நான்கு பைட்டுகள் எழுதிக் கணினியையே நிறுத்த முடிந்தது. 1997 நவம்பரில் வெளியே தெரிந்த இந்த வழுவுக்கு எஃப்00எஃப் என்று பெயர் வந்தது. செயலி செய்துகொண்டிருக்கும் வேலையை இடைநிறுத்தி வேறு வேலைக்கு இழுக்கும் அழைப்புக்குக் குறுக்கீடு என்று பெயர். இயங்குதளங்கள் குறுக்கீட்டு அட்டவணையை நினைவகத்தில் வேறு விதமாக அமர்த்தி அதைச் சுற்றிக்கொண்டு போயின. பூட்டுவதற்கென்று செய்த கட்டளையே பூட்டைத் திறக்க மறந்தது என்பதைப் பென்டியம் காலத்து நிரலாளர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அடுத்த படி பதினாறு பைட்டுகள். 2003-இல் வந்த ஏஎம்டியின் முதல் 64 பிட் செயலிகளில் அந்தக் கட்டளை இல்லை. இந்தச் சிறு இல்லாமைக்கு விண்டோஸ் கொடுத்த விலை பெரிது. பூட்டின்றி இயங்கும் ஒரு பட்டியல் அமைப்பின் தலைப்பு முழுவதையும் எட்டு பைட்டுகளுக்குள் அடைக்க வேண்டியிருந்ததால், முகவரிக்கு ஒதுக்கக் கிடைத்த பிட்டுகள் குறைந்தன. அதன் விளைவாக 64 பிட் விண்டோஸில் ஒரு நிரலின் முகவரி வெளி பல ஆண்டுகள் 8 டெராபைட்டோடு நின்றது. 2013-இல் விண்டோஸ் 8.1 பதினாறு பைட்டுக் கட்டளையைக் கட்டாயமாக்கிய பிறகே அது 128 டெராபைட் ஆயிற்று. விண்டோஸ் 8 ஓடிக்கொண்டிருந்த சில பழைய கணினிகள் அன்று வாசலிலேயே நிறுத்தப்பட்டன.

கட்டளை இல்லாத செயலியில் என்ன செய்வது? இயங்குதளத்தின் கருவாகிய கர்னலுக்கு எளிய வழி உண்டு. ஒரே செயலி உள்ள கணினியில் குறுக்கீடுகளைச் சில கணங்கள் நிறுத்திவிட்டால் வேறு யாரும் உள்ளே வர முடியாது. அதற்குள் ஒப்பிட்டு, மாற்றி, குறுக்கீடுகளை மீண்டும் திறந்துவிடலாம். லினக்ஸ் கர்னல் 386-க்காக இதைத்தான் செய்தது. எட்டு பைட்டுக் கட்டளை இல்லாத 486-க்காகவும் இதே உத்தியில் ஒரு சிறு துணைநிரலை வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்பதைக் கணினி தொடங்கும்போதே முடிவு செய்தது. ஆனால் பயனரின் நிரலுக்குக் குறுக்கீட்டை நிறுத்தும் அதிகாரம் கிடையாது. அது தானே ஒரு மாற்று வழியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

லினக்ஸ் கர்னலைக் கொண்டு அமைந்த இயங்குதளமான டெபியனுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சி++ மொழியின் அடிப்படை நூலகம் பொருள்களின் பயன்பாட்டு எண்ணிக்கையைப் பிரிக்க முடியாதபடி கூட்ட வேண்டும். மூல நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றுவதே தொகுத்தல், அதைச் செய்யும் மென்பொருள் தொகுப்பி. 486-க்கு என்று தொகுத்தால் அந்த நூலகம் செயலியின் கட்டளையை நேரடியாகப் பயன்படுத்தும். 386-க்கு என்று தொகுத்தால் ஒரு மென்பொருள் பூட்டை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யும். இந்தச் சிறு வேலை நூலகத்துக்குள் ஒளிந்திருக்காமல், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தொகுப்பியால் பிரதி எடுக்கப்படுவதும் உண்டு. ஒரே செயல்முறைக்குள் ஒரு பாதி பூட்டை நம்பியும் மறுபாதி கட்டளையை நம்பியும் ஒரே எண்ணைத் தொட்டால், கட்டளை வழியே வருபவர் பூட்டைக் கவனிக்கவே மாட்டார். ரயில் பாதையின் இரு முனைகளைப் போன்ற கதைதான். எல்லாரும் 386 வழிக்கு இறங்க வேண்டும், அல்லது எல்லாரும் 486-க்கு ஏற வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை. 2005-இல் வந்த சார்ஜ் வெளியீட்டோடு அசல் 386 செயலிக்கான ஆதரவை டெபியன் கைவிட்டது.

ஆர்ம் செயலிகளின் உலகில் இதே சிக்கலுக்கு, என் பார்வையில், இதுவரை கண்டவற்றிலேயே அழகான விடை கிடைத்தது. ஆர்ம் ஐந்தாம் பதிப்பு வரை ஸ்வாப் என்ற மாற்றிக்கொள்ளும் கட்டளை மட்டுமே இருந்தது. ஒப்பிட்டு மாற்றுவதற்குக் கட்டளை இல்லை. ஆறாம் பதிப்பில்தான் ‘குறித்துக்கொண்டு படி, குறி கலையாதிருந்தால் எழுது’ என்ற இணைக் கட்டளைகள் வந்தன. லினக்ஸ் கர்னல் என்ன செய்ததென்றால், ஒவ்வொரு நிரலின் முகவரி வெளியின் உச்சியிலும் ஒரு பக்கத்தை ஒட்டிவைத்து, அதில் என்றும் மாறாத ஓர் இடத்தில் ஒப்பிட்டு மாற்றும் துணைநிரலை வைத்தது. பயனரின் நிரல் அந்த இடத்துக்குத் தாவினால் போதும். புதிய செயலியாக இருந்தால் அங்கே புதிய கட்டளைகள் இருக்கும். பழைய செயலியாக இருந்தால் சாதாரணப் படிப்பும் ஒப்பீடும் எழுத்தும்தான் இருக்கும், பாதுகாப்பே இல்லாமல். பாதுகாப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது: அந்தச் சில கட்டளைகளின் நடுவே குறுக்கீடு வந்தால், கர்னல் ‘இவன் அந்தப் பகுதிக்குள் இருந்தானா’ என்று பார்த்து, இருந்திருந்தால் அவனைத் துணைநிரலின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். அரைகுறையாக நடந்த வேலை நடக்காததாகவே ஆகிவிடுகிறது. குறுக்கீடு அரிதாகவே வரும் என்பதால் இதற்கு ஏறக்குறைய செலவே இல்லை. அதைவிட முக்கியம், எல்லா நிரல்களும் ஒரே இடத்துக்கு வந்து ஒரே வழியைக் கேட்டுப் பெறுகின்றன. ஒப்பந்தத்தைக் காக்கும் பொறுப்பு கர்னல் என்ற ஒரே நடுவரிடம் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த மாறாத முகவரியில் இயங்கத்தக்க நிரல் இருப்பது ஊடுருவுபவர்களுக்கும் வசதி. அதனால் புதிய ஆர்ம் செயலிகளுக்கு அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டுத் தொகுக்கும் தெரிவும் பின்னர் வந்தது.

வேறு செயலிகளில் இவ்வளவு நேர்த்தி வாய்க்கவில்லை. 32 பிட் ஸ்பார்க் செயலியில் ஒப்பிட்டு மாற்றும் கட்டளை இல்லாததால், லினக்ஸ் ஒரு காலத்தில் 32 பிட் எண்ணின் ஒரு பைட்டைப் பூட்டாகப் பயன்படுத்தி, மீதி 24 பிட்டுகளில் எண்ணை வைத்தது. அந்த ஒரு செயலிக்காக, பிரிக்க முடியாத எண் 24 பிட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற எச்சரிக்கையை மற்ற எல்லாச் செயலிகளுக்கு எழுதுபவர்களும் மனத்தில் வைக்க வேண்டியிருந்தது. எச்பியின் பிஏ-ரிஸ்க் செயலியில் இருந்ததோ ‘படித்துவிட்டுச் சுழியாக்கு’ என்ற ஒரே கட்டளை. அங்கே பூட்டின் பொருளே தலைகீழ்: சுழி என்றால் பூட்டியிருக்கிறது, சுழி இல்லையென்றால் திறந்திருக்கிறது. சுழி என்றால் திறந்த பூட்டு என்று எண்ணி, நினைவகத்தைச் சுழியால் நிரப்பித் தொடங்கும் பழக்கமுள்ள நிரல் அங்கே முதல் அடியிலேயே மாட்டிக்கொள்ளும்.

கட்டளை கிடைத்துவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியதாகப் பொருள். பூட்டு கிடைக்காத இழை சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால் செயலி வீணாகும். அது உறங்க வேண்டும், பூட்டு திறந்ததும் எழுப்பப்பட வேண்டும். அந்த வேலை இயங்குதளத்துக்கு உரியது. லினக்ஸில் 1990-களின் லினக்ஸ்த்ரெட்ஸ் நூலகம் இழைகளை எழுப்பச் சிக்னல்களை நம்பியிருந்தது. 2002-இல் ஃபியூடெக்ஸ் என்ற கர்னல் வசதி வந்தது: போட்டி இல்லாதபோது கர்னலைத் தொடவே வேண்டாம், போட்டி வந்தால் மட்டும் ‘இந்த முகவரியில் இந்த மதிப்பு இருக்கும்வரை என்னை உறங்க விடு’ என்று கேட்டால் போதும். அடுத்த ஆண்டு அதன் மேல் எழுந்த புதிய இழை நூலகம் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத் தவிர்க்க முடியாத தேவையாக்கியது. இயங்குதளத்தின் முன்னேற்றம் செயலியின் கீழ் எல்லையையும் தன்னோடு உயர்த்திவிட்டது.

விண்டோஸில் படிகள் இன்னும் கூடுதல். கிரிட்டிக்கல் செக்ஷன் என்ற பூட்டு தொடக்கத்திலிருந்தே உண்டு. விஸ்டாவில் எஸ்.ஆர்.டபிள்யூ. என்ற மெல்லிய பூட்டு வந்தது. 64 பிட் கணினியில் அதன் அளவு எட்டே பைட்டுகள். ஆனால் ‘கிடைத்தால் எடு, கிடைக்காவிட்டால் காத்திருக்காதே’ என்று முயன்று பார்க்கும் செயற்கூறு அதற்கு விண்டோஸ் 7-இல்தான் சேர்ந்தது. ஃபியூடெக்ஸை ஒத்த வசதி 2012-இல் விண்டோஸ் 8-இல் வந்தது. ஒரே நிரல் எக்ஸ்பியிலும் 7-இலும் ஓட வேண்டுமென்றால், அந்தச் செயற்கூறு இருக்கிறதா என்று இயங்கும்போது கேட்டு, இல்லையென்றால் கிரிட்டிக்கல் செக்ஷனுக்கு இறங்க வேண்டும். ரஸ்ட் மொழியின் அடிப்படை நூலகம் பல ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது. இதில் ஒரு பொறி உண்டு. கிரிட்டிக்கல் செக்ஷனை வைத்திருக்கும் இழை அதையே மீண்டும் கேட்டால் தாராளமாகக் கிடைக்கும், எஸ்.ஆர்.டபிள்யூ. பூட்டை மீண்டும் கேட்டால் அந்த இழை தன்னையே எதிர்பார்த்து என்றென்றைக்கும் காத்திருக்கும். எக்ஸ்பியில் மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு விண்டோஸ் 7-இல் நிரல் ஏன் தொங்குகிறது என்று புரியாது. அதனால் ரஸ்ட் நூலகம் பழைய பூட்டின் மேல், ‘ஏற்கெனவே எடுத்தாயிற்று’ என்ற ஒரு குறியையும் வைத்து, தாராளத்தை வேண்டுமென்றே முடக்கியது. பழைய தளத்தைத் தாங்குவதென்பது இல்லாததைச் சேர்ப்பதோடு, அங்கே கூடுதலாக இருப்பதை மறைப்பதாகவும் சில சமயம் ஆகிறது.

பழைய வன்பொருளின் வழுக்கள் தனிக் கணக்கு. பூட்டைத் திறக்கும்போது லாக் முன்னொட்டுள்ள கட்டளை தேவையா, சாதாரண எழுத்தே போதுமா என்று 1999-இல் லினக்ஸ் நிரலாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. முன்னதற்குச் செயலியின் கடிகாரச் சுழற்சிகள் ஏறத்தாழ 22 ஆகும், பின்னதற்கு ஒன்று. இன்டெலின் வடிவமைப்பாளர் ஒருவர் சாதாரண எழுத்தே போதும் என்று தெளிவுபடுத்திய பிறகு அது மாற்றப்பட்டது. ஆனால் பென்டியம் புரோவின் சில பிரதிகளில் நினைவக வரிசை பற்றிய வழுக்கள் இருந்ததால், அவற்றுக்கென்று தொகுக்கும்போது மட்டும் பழைய வழியே தொடரும்படி ஒரு தெரிவு வைக்கப்பட்டது. அது 2018 வரை மூல நிரலில் இருந்தது. இந்த வகை வழு நேர்ந்தால் நிரல் உடனே விழுவதில்லை. எப்போதோ ஒருநாள் ஓர் எண் தவறிப்போகும். பழைய செயலி ஒன்றைப் பிழைத்திருக்கும் ஒரே பிரதியில் சோதித்து, ‘ஓடுகிறது’ என்று அறிவிப்பதற்கு இந்தத் துறையில் மதிப்பில்லாமல் போவது இதனால்தான்.

எனவே கைவிடும் முடிவுகள் வருவதில் வியப்பில்லை. 2012 டிசம்பரில் லினக்ஸ் கர்னல் 386-ஐக் கைவிட்டது. லினக்ஸ் பிறந்ததே அந்தச் செயலியில்தான் என்றாலும், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்காக உணர்ச்சிவசப்படவில்லை. 2025-இல் 486-ஐயும் நீக்கி, எட்டு பைட்டுக் கட்டளையைக் குறைந்தபட்சமாக்கும் முன்மொழிவு வந்தது. கோ மொழி 2023-இலும் ரஸ்ட் 2024-இலும் விண்டோஸ் 10-ஐத் தங்கள் கீழ் எல்லையாக வைத்தன. மறுபக்கத்தில், எக்ஸ்பிக்கான பொது ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தும் ஏடிஎம் இயந்திரங்களில் அது தங்கியிருந்ததால், 2018 ஜூனில் இந்திய ரிசர்வ் வங்கி அவற்றை மேம்படுத்த வங்கிகளுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. அப்படித் தங்கிவிட்ட இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுபவர், புதிய நூலகத்தை வளைத்துப் பழைய தளத்தில் ஓட வைப்பதைவிட, அந்தத் தளத்தின் காலத்து நூலகத்தோடும் தொகுப்பியோடும் முழுமையாக நிற்பதே மேல் என்பது என் கருத்து. பூட்டைப் பொறுத்தவரை பாதி பழசும் பாதி புதிதுமாக இருப்பதே மிக ஆபத்தான நிலை.

கைவிட்ட பிறகும் சில தடங்கள் அழிவதில்லை. விசுவல் சி++ தொகுப்பியின் நூலகத்தில் உள்ள மியூடெக்ஸ் என்ற பூட்டுப் பொருள் 64 பிட் கணினியில் 80 பைட்டுகள் பிடிக்கிறது. உள்ளே இருப்பது எட்டு பைட்டு எஸ்.ஆர்.டபிள்யூ. பூட்டுதான், எக்ஸ்பியின் பெரிய பூட்டுக்கும் இடம் வேண்டும் என்று அந்த அளவு முன்பு வகுக்கப்பட்டது. 2015-க்குப் பின் தொகுத்த நிரல்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற வாக்குறுதி இருப்பதால், எக்ஸ்பிக்கான ஆதரவு போன பிறகும் அளவைக் குறைக்க முடியவில்லை. 2024-இல் அந்தப் பொருளை உருவாக்கும் முறையை மட்டும் எளிமையாக்கிப் புதிய பதிப்பு வந்தது. புதிய தொகுப்பியால் உருவாகி, பழைய நூலகக் கோப்போடு ஓடிய நிரல்கள் முதல் பூட்டை எடுக்கும்போதே முறிந்து விழுந்தன. பழைய நூலகம் தேடிய நினைவக முகவரி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது சுழி இருந்தது. பழைய முறைக்கே திரும்பத் தொகுப்பியில் ஒரு தெரிவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த 80 பைட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன.